உரிமை கோராதவர்களின் சாட்சியம்

செய்தித்தாளில் கல்வராயன் மலையின் பெயர் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகத்தான் வருகிறது. சாராய ஊறலைக் கொட்டி அழித்தால் வரும். செம்மரம் வெட்டப் போனவர்கள் ஆந்திராவில் பிடிபட்டால் வரும். கோடை விழா நடந்தால் வரும். முதல் இரண்டு செய்திகளோடு ஆண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் படம் இருக்கும். மூன்றாவதோடு மேடையில் பெண்கள் ஆடும் படம் இருக்கும். மலையில் பிறந்து, அங்கே காடு கொத்தி, பிறகு கல்யாணத்தாலோ பிழைப்பாலோ கீழே இறங்கிவிட்ட பெண்கள் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்கள்.

என் அம்மா அப்படி இறங்கி வந்தவர். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஜாகிர் ஒழிந்த வருடம் கல்யாணமாகி அடிவாரத்துக்கு வந்தார். அவருடைய அக்கா, சின்னம்மா மகள், ஒரே ஊரில் பிறந்து இப்போது கள்ளக்குறிச்சியிலும் திருப்பூரிலும் இருக்கும் தோழிகள் என எட்டுப் பெண்களிடம் கடந்த சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே சொல்லிவிட்டார்கள். அவர்கள் நினைவில் உள்ள வெள்ளிமலையையும் ஆவணங்களில் உள்ள வெள்ளிமலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இதைச் செய்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரில்லாத முதல் பெண்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கல்வராயன் மலையின் பெரும்பான்மைப் பழங்குடியினருக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர் ‘மலையாளி’. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். கவுண்டர் என்றும் காராளர் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை, சித்தேரி என்று பல மலைகளில் இவர்கள் இருக்கிறார்கள்.

1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இவர்களுடைய தோற்றக் கதைகள் சில பதிவாகியுள்ளன. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய மூன்று சகோதரர்கள் கதை அதிலொன்று. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டு, அந்தந்த ஊர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். இன்னொரு கதையில், மலையில் ஏற்கெனவே இருந்த வேடர்களில் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களை மணந்தார்கள். கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் அந்த வேடக் கணவனின் சாவைக் குறிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கதைகளில் சகோதரர்களுக்குப் பெயர் இருக்கிறது. யாருக்கு எந்த மலை என்ற கணக்கு இருக்கிறது. மலையை முன்பே அறிந்திருந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். கதையில் அவர்களுக்குக் கிடைத்தது சாதிப்பெயர் மட்டும். என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “பொம்பள பேரக் கேட்டு என்னா பண்ணப் போறாங்க, பொண்ணு எந்த ஊருன்னுதான கேப்பாங்க” என்றார்.

ஒரு பெயர், இரண்டு ஆள் வேலை

வெள்ளைக்காரர் ஆட்சியிலும், அதற்குப் பிறகு நெடுங்காலமும், கல்வராயன் மலை ஜாகிர்களின் கையில் இருந்தது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மூன்று ஜாகிர்கள்: சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர். நாடு 1947-இல் விடுதலை அடைந்தது. இந்த மலையில் ஜாகிர் ஆட்சி 1976-இல்தான் முடிந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான்.

ஜாகிர் காலத்தில் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் நான் பேசியவர்களில் மூன்று பேர். ஏர் வைத்திருந்தால் ஒரு வரி, ஏர் ஓட்ட முடியாத சரிவில் கொத்துக்காடு போட்டால் ஒரு வரி என்பது அவர்கள் நினைவு. அதற்கு மேல், கூப்பிட்டபோதெல்லாம் போய்ச் செய்ய வேண்டிய கூலியில்லாத வேலை. பெரியம்மா சொன்னது: “கணக்குல எங்கப்பா பேருதான் இருக்கும். வேலைக்கு மட்டும் எங்கம்மாவும் போவணும். சாணி அள்ள, தானியம் குத்த, களை புடுங்க. கைக்கொழந்தய நெழல்ல போட்டுட்டுப் போவாங்க.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பல நாள் யோசித்திருக்கிறேன். வரிக்கணக்கில் குடும்பத் தலைவர் பெயர். வேலைக்குக் குடும்பமே. ஜாகிர் ஒழிந்த பிறகு வந்த காகிதங்களிலும் இதே ஏற்பாடுதான் தொடர்ந்தது. ரேஷன் கார்டு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, பட்டா, கடன் பத்திரம் எல்லாவற்றிலும் ஒரு பெயர்.

ஜாகிருக்குப் பிறகு நிலத்தில் ஒரு பகுதி வருவாய் நிலமானது. பெரும்பகுதி காடாகவே குறிக்கப்பட்டது. தலைமுறையாகக் கொத்தி விதைத்த சரிவு, காகிதத்தில் காப்புக்காடாக இருந்தால், அங்கே விதைப்பவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். விறகும் கடுக்காயும் புளியும் சீயக்காயும் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், இந்தப் புதிய எல்லைக்கோட்டைத் தினமும் தாண்டியவர்களும் பெண்கள்தான். அந்த அச்சம் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதைப் பக்கத்துச் சித்தேரி மலையடிவாரம் காட்டியது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களும் மலையாளிப் பழங்குடிகள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பின்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களின் வாய்மொழிதான் வழக்கைத் தாங்கி நின்றது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

சாமை போன கதை

ஊர் எப்படி மாறியது என்று கேட்டால் ஆண்கள் ரோடு வந்த வருடத்திலிருந்து தொடங்குகிறார்கள். பெண்கள் உரலிலிருந்து தொடங்குகிறார்கள்.

மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சோறு. சாமையின் உமி லேசில் போகாது. விடியலுக்கு முன் எழுந்து குத்தினால்தான் காலைக்கூழ். “பத்து வயசுல உலக்க புடிச்சேன். மழைக்காலத்துல சாம நமத்துப் போவும், ரெண்டு மடங்கு குத்தணும்” என்றார் அம்மாவின் தோழி ஒருவர். விதையை எடுத்து வைப்பதும் பெண்கள் வேலை. நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அறுத்து, காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் கட்டி வைப்பார்கள். அடுத்த வருடம் எந்தக் காட்டில் எதை விதைப்பது என்பதை அந்தப் பானைகள்தான் முடிவுசெய்தன. குடும்பக் கணக்கில் பெயரில்லாத பெண்ணுக்கு விதைப்பானையின் மேல் அதிகாரம் இருந்தது.

பிறகு மரவள்ளி வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தி தொடங்கியது. ஆத்தூர் வரை ஆலைகள் பரவின. ஆலை முதலாளிகளுக்காக 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். மலைச்சரிவில் மானாவாரியாக வரும் பயிர், ஒரு குச்சி நட்டால் போதும். லாரி ஏறும் அளவுக்கு ரோடு வந்த இடமெல்லாம் சாமைக்காடு மரவள்ளிக்காடு ஆனது. பின்னால் மக்காச்சோளமும் சேர்ந்தது.

இது வெறும் பயிர் மாற்றமாக வீட்டுக்குள் இறங்கவில்லை. சாமை வீட்டுக்கு வந்தது, பெண் அதை அளந்து எடுத்தாள். மரவள்ளி லாரிக்குப் போனது, பணம் ஆண் கைக்கு வந்தது. கிழங்கு விலை ஆலைக்காரர்கள் சொல்வது. முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் பேச முடியாது. நடுவதும் களையெடுப்பதும் பெண்கள்தான் என்றாலும், விற்பனைச் சீட்டில் மறுபடியும் ஒரு பெயர்.

சாமைக் காலம் பொற்காலம் என்று இந்தப் பெண்கள் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது, உலக்கை பிடிக்காதவர்களுக்கு எளிது. ரேஷன் அரிசி வந்தபோது கை காய்ப்பு குறைந்தது என்றுதான் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். 2011-க்குப் பிறகு 20 கிலோ அரிசி விலையில்லாமல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய திட்டத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. பெரியம்மா வீட்டு உரல் இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி. ஆனால் விதைப்பானை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இன்று சிறுதானியம் நகரத்தில் விலையேறி விற்கிறது. அதன் விதை தெரிந்த கைகளுக்கு அந்த விலையில் பங்கில்லை.

சிற்றூர் தலைநகரானது

வெள்ளிமலை இன்று கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம், 15 ஊராட்சிகள் கொண்ட ஒன்றியத்தின் தலைமையிடம். அலுவலகங்கள், பேருந்து, உண்டு உறைவிடப் பள்ளி, கடைத்தெரு எல்லாம் இருக்கின்றன. என் அம்மா பிறந்தபோது ஊர் தென்னார்க்காட்டில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். “நான் ஒரே எடத்துல பொறந்தேன், அது மூணு சில்லாவுக்குப் போயிட்டு வந்துது” என்று சிரிப்பார்.

ரோடு இல்லாத காலத்தில் பிரசவம் சிக்கலானால் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, ஆண்கள் நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். எட்டுப் பெண்களில் ஐந்து பேர் அப்படி இறங்கிய யாரையாவது நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பாதி வழியிலேயே இறந்தவர்களைச் சொன்னார்கள். ஆகவே ரோடு என்றால் என்ன என்பதை அவர்கள் நம்மைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்கள். “ரோடு வந்துச்சி, பொம்பளைங்க சாவறது கொறஞ்சிது. அதே ரோட்டுல ஆம்பளைங்க போனாங்க.” மெயின் ரோட்டிலிருந்து பிரியும் குக்கிராமங்களில் இந்தத் தூளி முற்றிலும் பழைய கதையாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

1996 உள்ளாட்சித் தேர்தலில்தான் முதல்முறை ஓட்டுப் போட்டதாகப் பெரியம்மா சொல்கிறார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது ஒதுக்கீடு பாதியாகியிருந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் ஜாகிர் வீட்டில் சாணி அள்ளியவர்களின் பேத்திகள் ஊராட்சி மன்றத்தில் உட்காரலாம் என்பது சின்ன விஷயமில்லை. சேலம் மாவட்டப் பக்கத்தில் உள்ள கருமந்துறையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் 2025-இல் ஐ.ஐ.டி-யில் இடம் பிடித்தார். அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார். அவரே மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

ஆண்கள் போன திசை

மானாவாரி நிலம் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் சில மாதங்களுக்குத்தான் வேலை கொடுக்கும். மீதி மாதங்களில் கரும்பு வெட்டவும், கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும், கேரளத்துக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போவது வழக்கமானது. கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் பிள்ளைகள் ஆயாவிடம் வளரும். அல்லது பள்ளியிலிருந்து நின்று கூடவே போகும். பெண்பிள்ளைதான் முதலில் நிற்கும். தனியாக விட்டுப் போகப் பயந்து பதினைந்து, பதினாறு வயதில் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள்.

தரகர்கள் வந்து காட்டிய இன்னொரு திசை ஆந்திரா. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் மலைக்காரர்கள். செம்மரத்தை வாங்கியவர்கள் யாரும் சாகவில்லை. பின்னால் மிஞ்சிய பெண்கள் முன்பணத்தை அடைக்கவேண்டியிருந்தது. கணவனின் பெயரிலிருந்த காகிதங்களைத் தன் பெயருக்கு மாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும்.

சாராயத்தைப் பற்றி இந்தப் பெண்கள் மறைக்கவில்லை. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் பற்றியும், அதைக் குடித்துவிட்டு வந்தவர்களிடம் வாங்கிய அடி பற்றியும் பேசினார்கள். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் செத்தபோது எல்லார் பார்வையும் மலை மேல் திரும்பியதில் அவர்களுக்குக் கோபம். அங்கே ஆட்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக்கான வேதிப்பொருள், எந்த மலையிலும் ஊறுவதில்லை. இருந்தாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, மருத்துவம், பள்ளி, ரேஷன் பற்றியெல்லாம் அரசிடம் கேள்வி கேட்டது. பெண்கள் ஐம்பது வருடமாகத் தங்களுக்குள் பேசிவந்த விஷயங்கள்தான் அவை.

யாருக்குப் பங்கு, யாருக்குச் சாட்சி

இப்போது முதலில் சொன்ன நடைமுறைக் காரணத்துக்கு வருகிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் பிரிவு 2(2), மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்ததும், நாடு முழுக்க 2005-இல் அது வந்ததும் நமக்குத் தெரியும். அந்த மாற்றம் பழங்குடிப் பெண்களுக்குத் தானாகச் சென்று சேரவில்லை. இதைத் திருத்துவது பற்றி யோசிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசிடம் சொன்னது. பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. ஆனாலும் ஒவ்வொரு பெண்ணும் வழக்குப் போட்டு வாங்க வேண்டிய பங்காகத்தான் அது இருக்கிறது. என் அம்மாவும் பெரியம்மாவும் பிறந்த வீட்டு நிலத்தில் ஒரு சென்ட் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

2006 வன உரிமைச் சட்டம் இதில் ஒரு மாறுபாட்டைக் கொண்டுவந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டுநிலத்தில் பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, நான்கு ஹெக்டேருக்கு மிகாமல், உரிமை உண்டு. திருமணமானவர்கள் என்றால் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் பதிய வேண்டும். ஜாகிர் கணக்கு முதல் மரவள்ளிச் சீட்டு வரை இருந்த ஒற்றைப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டாவது பெயரை இந்தச் சட்டம் எழுதச் சொல்கிறது. கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் உரிமை ஆவணம் வழங்குவது 2016 வரை தடைப்பட்டிருந்தது.

உரிமை கோருபவர் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் காட்ட வேண்டும். என்னென்ன சான்றுகள் என்று விதி 13 பட்டியலிடுகிறது. அரசு ஆவணங்கள் இருக்கின்றன. வீடு, வரப்பு, கிணறு, சுடுகாடு, சாமி இடம் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது: உரிமை கோருபவர் அல்லாத முதியோரின் வாக்குமூலம், எழுத்தில்.

கோருபவர் அல்லாத முதியோர் என்றால் யார்? பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்காமல் கல்யாணமாகிப் போன மூத்த மகள்களும் அதில் அடக்கம். சாட்சி சொல்பவர் இப்போதும் அதே ஊரில் குடியிருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. தமக்கு நிலம் வராத காரணத்தாலேயே அவர்கள் சொல்வது நடுநிலையான சாட்சியமாகிறது. இது நியாயமா என்றால் இல்லை. பங்கு கொடுக்காமல் சாட்சி மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் மலையில் இன்றிருக்கும் தம்பி மனைவிகளின் பெயர் உரிமை ஆவணத்தில் ஏற, வெளியேறிய அக்காக்களின் நினைவு பயன்படும் என்றால், அதை எழுதி வைப்பது நம் வேலை. அக்காக்களின் பங்குக்கான வாதத்தை அதோடு சேர்த்தே நடத்தலாம்.

பெரியம்மாவிடம் நான் பதிவு செய்ததில் இவையெல்லாம் இருக்கின்றன. அவருடைய அம்மா கொத்தி விதைத்த சரிவின் பெயர். அதன் மேல் ஓரத்தில் நின்ற இரண்டு கடுக்காய் மரங்கள். கீழே கல் அடுக்கி மண்ணைத் தடுத்த வரப்பு, அதை யார் யார் அடுக்கினார்கள் என்பது. தண்ணீர் எடுத்த ஊற்று. செத்துப்போன தங்கையைப் புதைத்த இடம். எந்த வருடம் என்று கேட்டால் அவர் எண் சொல்ல மாட்டார். “ஒங்கம்மா கல்யாணத்துக்கு முன்ன”, “ஜாகிரு இருக்கையில” என்பார். ஜாகிர் ஒழிந்தது 1976. சட்டம் கேட்கும் 2005-க்கு அது 29 ஆண்டுகள் முந்தியது.

இதைப் படிக்கும் மாணவிகளில் மலையிலிருந்து வந்தவர்கள் இருப்பீர்கள். கல்வராயன் இல்லையென்றால் சவ்வாது, கொல்லி, பச்சைமலை, சித்தேரி. உங்கள் ஆயாக்களும் அத்தைகளும் எங்கே இருந்தாலும் போய்ப் பேசுங்கள். “அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் காட்டில் எதை விதைத்தீர்கள், தண்ணீருக்கு எங்கே போனீர்கள், விறகு எந்தப் பக்கம், வரப்பை யார் போட்டது, பிள்ளையை எங்கே பெற்றீர்கள், செத்தவர்களை எங்கே புதைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். படித்துக்காட்டி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்குங்கள். ஒரு பிரதியை ஊரிலுள்ள வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். இன்னொன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தின் முதல் வரியில் அவர்கள் பெயரையும், அவர்களுடைய அம்மாவின் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.